கொச்சியும் கொல்கத்தாவும் மாற்றிக்கொண்ட பிள்ளைகள்

புது தில்லி: இந்தியக் கால்பந்தில் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் வீரர்கள் அணி மாறுவது வழக்கமான செய்திதான். விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரிகளில் அது முடிந்துவிடும். ஆனால் 2023 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ், மோகன் பகான் ஆகிய இரு அணிகளும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் அப்படி முடியவில்லை. கண்ணூர் மண்ணின் மைந்தரான நடுக்கள வீரர் சஹல் அப்துல் சமது கொல்கத்தாவுக்குச் சென்றார். மோகன் பகான் கேப்டனாக இருந்த ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவைச் சேர்ந்த பிரீதம் கோட்டால் கொச்சிக்கு வந்தார். இவருக்கு ஈடாக அவரும், அதற்கு மேல் ஒரு தொகையும். தொகை எவ்வளவு என்பதை இரு கிளப்புகளும் வெளியிடவில்லை.

ஒரே பேரத்தில் இரண்டு ஊர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை இழந்தன. அவர்கள் எதை விட்டுச் சென்றார்கள், அவர்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்ற வாதம் கொச்சியின் தேநீர்க் கடைகளிலும் கொல்கத்தா மைதானத்துப் புல்வெளியிலும் இன்றளவும் ஓயவில்லை. இந்த வாதத்துக்குக் காரணம் கால்பந்து மட்டுமல்ல. ஓர் அணி யாருடையது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

மஞ்சள் படையின் செல்லப்பிள்ளை: 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது உருவான கேரளா பிளாஸ்டர்ஸுக்கு, கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கில் திரண்ட கூட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2016 இறுதி ஆட்டத்தைக் காண அரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். "மஞ்ஞப்பட' என்ற ரசிகர் அமைப்பு, அணியின் மஞ்சள் சட்டையையே தன் பெயராக்கிக் கொண்டது. இவ்வளவு இருந்தும் கோப்பை மட்டும் வரவில்லை. 2014, 2016, 2022 என மூன்று இறுதி ஆட்டங்களில் தோல்வி. அவற்றில் இரண்டு டைபிரேக்கரில் பறிபோனவை.

கோப்பை இல்லாத அணியின் ரசிகர்களுக்குப் பெருமைப்பட வேறு ஏதாவது வேண்டும். சஹல் அந்த இடத்தில் வந்து நின்றார். 1997-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் பிறந்தவர் அவர். வளைகுடாவில் பிழைக்கச் சென்ற மலையாளிக் குடும்பத்துப் பிள்ளை. அபுதாபியில் பந்தாட்டப் பயிற்சி, பிறகு கண்ணூரில் கல்லூரி, பல்கலைக்கழக அணி, சந்தோஷ் கோப்பைக்கான மாநில அணி என்ற பாதையில் வந்து பிளாஸ்டர்ஸின் இளையோர் அணிக்குள் நுழைந்தார். வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பியவரை "உள்ளூர்க்காரர்' என்று சொல்வதில் கேரளத்தில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் வளைகுடா வீடு இருக்கும் மாநிலத்தில் அது இயல்பானதே.

2018-19 பருவத்தில் பிளாஸ்டர்ஸ் 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று ஒன்பதாம் இடம் பிடித்தது. அந்த இருண்ட பருவத்தில்தான் சஹல் வெளிச்சத்துக்கு வந்தார். லீகின் சிறந்த வளரும் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஐ.எஸ்.எல். போட்டியில் அவரது முதல் கோல், 2019 பிப்ரவரியில் கொச்சியில் சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராக வந்தது. அந்த ஆண்டு ஜூனில் தாய்லாந்தில் நடைபெற்ற கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்காக அறிமுகமானார். 2020-ல் தமது ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டித்துக்கொண்டார். இந்தக் கடைசித் தகவலைப் பின்னர் நடந்த வாதத்தில் பலரும் மறந்துவிட்டனர். உண்மையில் விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

விற்கப்பட்டவரா, சென்றவரா?: "சஹல் போய்விட்டார்' என்பது ஒரு சாரார் பேச்சு. "சஹலை விற்றுவிட்டார்கள்' என்பது மறு சாராரின் பேச்சு. இரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதல்ல.

ஐரோப்பிய நீதிமன்றம் 1995-ல் அளித்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் எந்த ஈட்டுத்தொகையும் இன்றி வேறு கிளப்புக்குச் செல்லலாம் என்பது உலகக் கால்பந்தின் நடைமுறையாகிவிட்டது. ஆகவே ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்தால் கிளப்புக்கு ஒரு காசும் வராது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும் 26 வயது வீரருக்குத்தான் சந்தையில் விலை உச்சத்தில் இருக்கும். 2023-ல் சஹல் நின்ற இடம் சரியாக அதுவே. கிளப் ஒப்புக்கொள்ளாமல் அவர் சென்றிருக்க முடியாது. அவர் கையெழுத்திடாமல் கிளப்பும் அவரை அனுப்பியிருக்க முடியாது. எனவே இரு சாராரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

காலச்சூழலும் ஐயத்தை வளர்த்தது. 2023 மார்ச் 3-ம் தேதி பெங்களூரில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில், சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ரூ.4 கோடி அபராதம் விதித்தது; பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் 10 ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார். அபராதச் சுமையைக் காரணம் காட்டி ஜூன் மாதம் மகளிர் அணியைத் தாற்காலிகமாக நிறுத்துவதாகக் கிளப் அறிவித்தது. அடுத்த மாதம் சஹல் விற்பனை. அபராதத்தை ஈடுகட்டவே அவர் விற்கப்பட்டார் என்று எவரும் நிறுவியதில்லை. ஆனால் மூன்று செய்திகளும் அடுத்தடுத்து வந்தபோது ரசிகன் மனதில் அவை ஒரே செய்தியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆடவர் அணியின் கோபத்துக்கான தண்டனையை மகளிர் அணி சுமந்தது பற்றி அப்போது எழுந்த குரல்கள், சஹல் பெயரைச் சுற்றி எழுந்த குரல்களைவிட மெலிதாகவே இருந்தன என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

கோல் கணக்கு: சஹலின் ஆட்டத் தகுதி பற்றிய வாதம் தனி. பிளாஸ்டர்ஸுக்காக அவர் ஆடியவை நூறை நெருங்கிய ஆட்டங்கள். அவர் அணியை விட்டுச் சென்றபோது அந்தச் சட்டையை அவரைவிட அதிகம் அணிந்தவர் எவரும் இல்லை. ஆனால் கோல்கள் மிகச் சிலவே. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவே நழுவிச் செல்லும் அழகு எண்ணிக்கையாக மாறவில்லை என்பது விமர்சகர்களின் குறை. இந்தக் குறையில் நியாயம் உண்டு.

அவரை ஆதரிப்பவர்கள் 2021-22 பருவத்தைச் சுட்டிக்காட்டுவர். அந்தப் பருவத்தில் ஆறு கோல்கள் அடித்தார். 2022 மார்ச் 11-ல் கோவாவில் ஜாம்ஷெட்பூர் அணிக்கு எதிரான அரையிறுதி முதல் ஆட்டத்தில், முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிட்டு அடித்த கோலை மலையாளிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதன் பிறகு காயம். இரண்டாம் அரையிறுதியிலும் இறுதி ஆட்டத்திலும் அவர் இல்லை. மார்ச் 20-ல் ஹைதராபாதிடம் பிளாஸ்டர்ஸ் டைபிரேக்கரில் தோற்றது. திருச்சூர்க்காரரான கே.பி. ராகுல் அடித்த கோலால் 88-வது நிமிஷம் வரை முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. சஹல் அன்று களத்தில் இருந்திருந்தால் என்ற கேள்வியோடுதான் இந்த வாதங்களில் பாதி தொடங்குகின்றன.

ஆடாத ஆட்டத்தை வைத்து ஒரு வீரரை எடைபோட முடியாது. ஆனால் ரசிகர்களின் தராசு வேறு.

உத்தர்பாராவின் கேப்டன்: கொல்கத்தாவில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. பிரீதம் கோட்டால் 2013-ல் மோகன் பகானில் சேர்ந்தவர். 2015 மே மாதம் பெங்களூரில் சமன் செய்து ஐ-லீக் பட்டத்தை வென்ற அணியில் இருந்தார். 2016 ஃபெடரேஷன் கோப்பையிலும் இருந்தார். இடையில் ஐ.எஸ்.எல். அணிகளான கொல்கத்தாவின் ஏ.டி.கே., தில்லி டைனமோஸ் ஆகியவற்றுக்கு ஆடிவிட்டு, 2020-ல் ஏ.டி.கே.யும் மோகன் பகானும் இணைந்தபோது பழைய சட்டைக்கே திரும்பினார். வங்காளிகள் இத்தகையவரை "கொரேர் சேலே', அதாவது வீட்டுப் பிள்ளை என்பார்கள்.

2023 மார்ச் 18-ல் கோவாவில் பெங்களூரை டைபிரேக்கரில் வீழ்த்தி மோகன் பகான் ஐ.எஸ்.எல். கோப்பையைக் கைப்பற்றியது. கோப்பையை உயர்த்திய கேப்டன் கோட்டால். அன்றிரவே அணி உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா, அணியின் பெயரிலிருந்து "ஏ.டி.கே.' நீக்கப்படும் என்று அறிவித்தார். 1889-ல் தோன்றி, 1911-ல் வெறுங்காலுடன் ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்ற கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறொரு பெயர் ஒட்டியிருந்ததை எதிர்த்து, ரசிகர்கள் மூன்றாண்டுகள் பதாகை பிடித்துப் போராடியதன் பலன் அது. நான்கு மாதங்கள் கழிந்தன. பெயர் திரும்ப வந்துவிட்டது, கேப்டன் போய்விட்டார். பெயருக்காக வென்ற ரசிகர் கூட்டத்துக்கு, கேப்டன் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் நேரம் கிடைக்கவில்லை.

மோகன் பகான் ரசிகர்களில் நடைமுறைவாதிகள் சொல்லும் கணக்கு எளிது. கோட்டாலுக்கு அப்போது வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. தடுப்பாட்டத்துக்கு அன்வர் அலி வந்துவிட்டார். அணியில் இல்லாதது இளம் இந்திய நடுக்கள வீரர். கேப்டன் பொறுப்பும் வெளியாள் கைக்குப் போகவில்லை. வங்காளத்தின் மற்றொரு பிள்ளையான சுபாஷிஷ் போஸ் ஏற்றார். கணக்கு பலித்தது என்பதையும் மறுக்க முடியாது. 2023 டூராண்ட் கோப்பை, 2023-24, 2024-25 என இருமுறை லீக் கேடயம், 2025 ஏப்ரலில் ஐ.எஸ்.எல். கோப்பை என்று வெற்றிகள் வரிசைகட்டின. 2024 ஏப்ரல் 28-ல் சால்ட் லேக் அரங்கில் ஒடிசாவுக்கு எதிரான அரையிறுதியில் காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் கோல் அடித்து மோகன் பகானை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பியவர் சஹல். அதே அரங்கில்தான் 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகக் கடைசித் தருணத்தில் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார் என்பது கொல்கத்தாவாசிகளுக்கு முன்பே தெரியும்.

கணக்குப் பார்க்காதவர்கள் கேட்பது ஒன்றே: கோப்பை வாங்கித் தந்தவருக்கு வழியனுப்பு விழாகூட வேண்டாமா?

பழைய காயம்: கேரளத்துக்கு இது முதல் அனுபவமல்ல. 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் கேரளப் போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது, அந்த அணியின் தூண்கள் வி.பி. சத்யனும் ஐ.எம். விஜயனும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாக இருந்து வளர்ந்தவர் விஜயன். அந்த வெற்றிகளின் ஈரம் காய்வதற்குள் இருவரும் மோகன் பகானுக்குச் சென்றனர். விஜயனுக்குப் பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி அழைத்தது. சத்யன் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். 2006-ல் சென்னையிலேயே அவரது வாழ்வு துயரமாக முடிந்தது. 1997-ல் எஃப்.சி. கொச்சின் என்ற தொழில்முறைக் கிளப் தோன்றி, விஜயனைத் திரும்ப அழைத்து, அதே ஆண்டில் டூராண்ட் கோப்பையையும் வென்றது. சம்பளம் கொடுக்க முடியாமல் சில ஆண்டுகளில் அது முடங்கியது. கொல்கத்தாவுக்கு ஆள் அனுப்பும் ஊராகவே கேரளம் இருந்துவிடுமோ என்ற அந்தப் பழைய வருத்தம் தந்தையரிடமிருந்து மஞ்சள் சட்டைப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கொல்கத்தாவின் நினைவு வேறு விதமானது. 1942-லிருந்து 1960 வரை மோகன் பகான் சட்டையை மட்டுமே அணிந்த சைலேன் மன்னா. 1954-லிருந்து 1968 வரை வேறு கிளப்பை ஏறெடுத்தும் பாராத சுனி கோஸ்வாமி. ஒவ்வொரு வீரரும் இவர்களோடு ஒப்பிடப்படுகிறார். ஆனால் அதே நகரில்தான், கையெழுத்திடும் பருவம் வந்தால் எதிரணி கவர்ந்து சென்றுவிடாதபடி வீரர்களை ரகசிய வீடுகளில் ஒளித்துவைக்கும் வழக்கமும் பல ஆண்டுகள் இருந்தது. விசுவாசத்தின் பொற்காலத்திலும் பூட்டுச் சாவி தேவைப்பட்டது.

அக்கால விசுவாசத்துக்கு ஒரு பொருளாதார அடித்தளம் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம் என அரசுத் துறை அணிகளில் ஆடியவருக்குப் பந்தை நிறுத்திய பிறகும் வேலை இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. பி.கே. பானர்ஜி கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வேயில் இருந்தார். 1958-ல் அந்த அணி கொல்கத்தா லீகையே வென்றது. விஜயனும் நாடெங்கும் ஆடிவிட்டுக் கேரளப் போலீஸுக்கே திரும்பினார். இன்றைய வீரருக்கு மூன்றாண்டோ ஐந்தாண்டோ ஓர் ஒப்பந்தம். முப்பத்தைந்து வயதில் முழங்கால் ஓய்ந்துபோனால் பார்த்துக்கொள்ள ஒரு துறை கிடையாது. அவரிடம் மன்னாவின் விசுவாசத்தை எதிர்பார்ப்பவர்கள் மன்னா காலத்து ஏற்பாடுகள் இன்று இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாக்குரிமை யாருக்கு?: மோகன் பகான் ஒரு காலத்தில் முழுவதும் உறுப்பினர்களின் கிளப். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் உண்டு. அத்தேர்தல் சில வேளைகளில் சட்டப்பேரவைத் தேர்தலைவிடச் சூடாக இருக்கும். 2020-ல் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதப் பங்குகள் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்திடம் சென்றன. கிளப்பிடம் எஞ்சியது 20 சதவீதம். உறுப்பினர் இன்றும் வாக்களிக்கலாம். ஆனால் யார் ஆட வேண்டும் என்ற முடிவு அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. பிளாஸ்டர்ஸ் ரசிகருக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கும் கிடையாது. தொடக்கம் முதலே அது தனியார் நிறுவனம். ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு விவாதம்கூட இன்னும் தொடங்கவில்லை.

வாக்கு இல்லாதவனுக்கு எஞ்சுவது டிக்கெட். 2024 டிசம்பரில் தொடர் தோல்விகளால் வெறுத்துப்போன மஞ்ஞப்பட அமைப்பு, நிர்வாகத்தைக் கண்டித்து டிக்கெட் வாங்குவதில்லை என்று அறிவித்தது. சில நாள்களில் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். அடுத்த மாதமே கே.பி. ராகுல் ஒடிசாவுக்குச் சென்றார். உள்ளூர் முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர்.

போனவரை எப்படி நினைவுகூர்வது என்பதிலும் அவர்களுக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. 2020-ல் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கான் விலகியபோது, அவர் அணிந்த 21-ம் எண் சட்டையை இனி எவருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது. சண்டீகர்க்காரருக்குக் கேரளம் அளித்த கெளரவம் அது. 2022 பிப்ரவரியில் மோகன் பகானுக்கு ஆடி பிளாஸ்டர்ஸுடன் சமன் செய்த பிறகு, பெண்களை இழிவுபடுத்தும் வகையில் அவர் சொன்ன ஒரு சொல் பதிவாகி வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தச் சட்டைக்குத் தந்த கெளரவத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதே ரசிகர்கள் கோரினர். சஹலுக்கு அப்படி எண் எதுவும் ஒதுக்கிவைக்கப்படவில்லை. ஒருவேளை அதுவே நல்லதாயிற்று.

தில்லிக்கு இந்த வாதம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். கோட்டால் ஒருகாலத்தில் ஆடிய தில்லி டைனமோஸ், 2019-ல் மொத்தமாகப் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது. இங்கே வீரர் அல்ல, அணியே ஊரை விட்டுப் போயிற்று. கண்ணீர் விட்டவர்கள் அதிகம் இல்லை. 2022-ல் பிளாஸ்டர்ஸின் கனவைக் கலைத்த ஹைதராபாத் அணி, 2025-ல் ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி என்ற பெயருடன் தலைநகருக்கு வந்து சேர்ந்தது. அங்கே அந்தக் கோப்பையை வென்றபோது கொண்டாடிய ஹைதராபாத்வாசிகள் இப்போது யாரை ஆதரிப்பது என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை.

கோட்டால் கொச்சியில் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு பரிமாற்றம். விகாஷ் யும்னாம் சென்னையிலிருந்து கொச்சிக்குச் செல்ல, கோட்டால் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். ஒன்றரை ஆண்டில் இரண்டாவது முறையாக இன்னொருவருக்கு ஈடாக அவர் அனுப்பப்பட்டார். எந்தப் பிள்ளையைக் கொடுத்து அவரை வாங்கினார்களோ, அந்தப் பிள்ளை இப்போதும் கொல்கத்தாவில், வாங்கப்பட்டவரோ சென்னையில். பேரத்தில் கேரளத்தின் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்பவர்களின் குரல் அதன் பிறகு ஓங்கியது.

2025 ஏப்ரல் 26-ம் தேதி புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைக் காலிறுதி நடைபெற்றது. லீகிலும் கோப்பையிலும் வென்று களைத்திருந்த மோகன் பகான், முன்னணி வெளிநாட்டு வீரர்கள் பலர் இல்லாமல், பெரும்பாலும் இந்தியர்களைக் கொண்ட அணியை இறக்கியிருந்தது. எதிரே பிளாஸ்டர்ஸ் தன் முதல் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தது. 22-வது நிமிஷத்தில் முதல் கோல் விழுந்தது. அடித்தவர் சஹல் அப்துல் சமது. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் வெளியேறியது.